இறங்காத சீற்

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோப்பாயில் என் அக்கா வீட்டு முற்றத்தில் ஒரு சைக்கிளின் இருக்கையை, எங்கள் பேச்சில் சீற்றை, கழற்றி மாற்றினேன். சீற் மாற்றியதெல்லாம் ஓர் அனுபவமா என்று நீங்கள் சிரிக்கலாம். அன்று நானும் சிரித்துக்கொண்டுதான் அந்த வேலைக்கு உட்கார்ந்தேன்.

அது சாதாரணச் சைக்கிள் இல்லை. கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் தன் தகப்பனுக்காகக் கப்பலில் அனுப்பிய மலைச் சைக்கிள். வந்து இறங்கிய அன்று ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஒரே பகிடியும் சிரிப்பும். எங்கள் குடாநாட்டில் பெயரிலாவது மலை இருப்பது கீரிமலை ஒன்றுக்குத்தான். அங்கே போனாலும் இருப்பது கேணி. "அத்தான், உதிலை எந்த மலை ஏறப் போறியள்?" என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன். "அச்சுவேலி மலை" என்றார் அத்தான், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

ஆனால் மருமகன் யோசித்துத்தான் அனுப்பியிருந்தான். அத்தானுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எப்படிப் போனது என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பொய்க்கால் போட்டு நடப்பார். அந்த முழங்காலும் சரியாக மடங்காது. அதனால் அவர் சைக்கிள் மிதிக்க வேண்டுமென்றால் சீற் உயரமாக இருக்க வேண்டும். சீற் உயர்ந்தாலோ, நிறுத்தும்போது நல்ல கால் நிலத்தில் எட்டாது. இதற்காகவே பல வருடங்கள் யாராவது ஏற்றிப் போனால்தான் அவருக்குப் பயணம்.

இந்தச் சைக்கிளில் அதற்கு வழி இருந்தது. ஹாண்டிலில் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு விசை. அதைத் தட்டிக்கொண்டு பாரத்தைக் கொடுத்தால் சீற் கீழே இறங்கும். கொஞ்சம் எழும்பிக்கொண்டு தட்டினால் தானாக மேலே வரும். மலைச் சரிவில் பாய்ந்து விளையாடுகிறவர்களுக்காக எவனோ கண்டுபிடித்தது, கோப்பாயில் ஒரு மனிதனுக்குக் கால் கொடுத்தது. நாங்கள் அதை லிஃப்ட் என்போம். அத்தான் தினமும் அதில் அச்சுவேலிக்குத் தனியாக வேலைக்குப் போய் வந்தார். பிளாஸ்டிக் வாளி வார்க்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில், அச்சு மூடுகிற நேரம் பார்த்து விசையை இழுப்பது அவருடைய வேலை.

இரண்டு வருட ஓட்டத்தில் லிஃப்ட் தளர்ந்துவிட்டது. ஏறி இருந்தால் சீற் மெல்ல மெல்லத் தானாகவே தாழ்ந்துகொண்டு போகும். மருமகன் சீற்றைத் தாங்கும் புதிய தண்டு ஒன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். கடைக்குக் கொண்டுபோவோம் என்று அத்தான் சொன்னார். நான்தான் விடவில்லை. நான் தோட்டக் கிணறுகளுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புகளைத் திருத்துபவன். பம்பைக் கழற்றிப் பூட்டுகிறவனுக்கு ஒரு சீற் பெரிய விஷயமா?

உண்மையில் வேலை கொஞ்சம் நுணுக்கமானதுதான். பழைய தண்டை உருவி, விசையிலிருந்து வந்து அதன் அடியில் கொழுவியிருந்த வயரைக் கழற்றி, புதிய தண்டில் கொழுவி, வயரின் தொய்வை அளந்து வெட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது. கடைசியில், தண்டு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் வளையத்தின் திருகாணியை இறுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மருமகன் போனில் வந்தான். "மாமா, அந்த ஆணியை மட்டும் கன இறுக்கு இறுக்காதேங்கோ. தண்டு உள்ளுக்கை நெரிபட்டுப் போடும்" என்றான்.

"நீ பிறக்க முதலே நான் ஸ்பானர் பிடிச்சனான்ரா" என்றேன். பனிக்குள் இருந்துகொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறான் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன்.

என் தொழிலில் இறுக்கினவன்தான் கெட்டிக்காரன். ஒரு சொட்டு ஒழுகினாலும் தோட்டக்காரர் விடிய முதல் வாசலில் வந்து நிற்பார். அதோடு, அத்தான் ஏறுகிற சீற் இம்மியும் அசையக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது. ஆணி திருகும் அலன் கீயின் நுனியில் ஓர் இரும்புக் குழாயைக் கொழுவி, மூச்சைப் பிடித்து ஒரு சுற்று இறுக்கினேன். பிறகு ஏறி உட்கார்ந்து விசையைத் தட்டினேன். சீற் இறங்கியது. கொஞ்சம் முக்கித்தான் இறங்கியது. புதிது, ஓட ஓடச் சரிவரும் என்று நினைத்தேன். எனக்கு இரண்டு ஆளின் பாரம், அத்தானோ காற்றுக்குப் பறக்கிற உடம்பு என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

"சீற் ஆடாதுதானே மச்சான்?" என்று அத்தான் கேட்டார்.

"ஆனை ஏறி இருந்தாலும் ஆடாது அத்தான்."

அவர் அன்று சைக்கிளை ஓடிப் பார்க்கவில்லை. நீ பார்த்தால் சரிதானே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அடுத்த நாள் காலை, நான் இறக்கிவிட்டபடியே இருந்த சீற்றில் ஏறி, ஓட்டத்தில் அதை உயர்த்திக்கொண்டு அத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். வழியில் ஒரு சந்தியில் பஸ் ஒன்று குறுக்கே திரும்பியிருக்கிறது. அவர் பிறேக் பிடித்து விசையைத் தட்டியிருக்கிறார். சீற் இறங்கவில்லை. உயரத்தில் இருந்தபடியே நல்ல காலால் நிலத்தைத் தேடியவர் மறுபக்கம் சரிந்து, பொய்க்கால் பக்கமாக விழுந்தார். பஸ் தொடவில்லை. விழுந்த வேகத்திலேயே தொடை எலும்பின் மேல்முனை முறிந்துவிட்டது.

அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பின்னேரம் அக்கா வீட்டுக்கு உடுப்பு எடுக்க வந்தேன். யாரோ புண்ணியவான் சைக்கிளைக் கொண்டுவந்து சுவரில் சாத்தியிருந்தார். விசையைத் தட்டிக்கொண்டு இரண்டு கையாலும் சீற்றை அழுத்தினேன். அசையவில்லை. அலன் கீயை எடுத்து ஆணியை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். மறுபடி தட்டி ஒரு கையை வைத்தேன். சீற் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. நான் அந்த முற்றத்திலேயே குந்திவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகும்போது சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கட்டிலருகே அக்கா நின்று அழுதுகொண்டிருந்தாள். "கால் இல்லாத மனிசன் இந்த வயசிலை சைக்கிள் ஓடித்தான் ஆகவேணுமோ? தம்பி, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களும் தலையாட்டினார்கள். எல்லோரும் அவருடைய இல்லாத காலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அத்தான் என்னைக் கிட்டக் கூப்பிட்டு மெல்லக் கேட்டார். "மச்சான், சைக்கிளைப் பாத்தனியே? சீற் இறங்குதோ?"

"இறங்குது அத்தான்" என்றேன்.

பொய் இல்லை. அந்த நேரத்தில் அது இறங்கத்தான் செய்தது. நான் சொன்ன பொய்களில் இதைவிடக் கேவலமான பொய் கிடையாது.

"அப்ப நான்தான் தட்டேல்லைப் போல" என்றுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றில்லாவிட்டால் நாளைக்குச் சொல்லலாம் என்று நான் வெளியே வந்துவிட்டேன். நாளை என்பது வாரமாகி மாதமாகியது. மருமகன் போனில் கேட்டபோதும் சீற்றில் பிழை இல்லை என்றேன். ஒருமுறை மறைத்தவனுக்கு அடுத்த முறை அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

அத்தான் வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் செய்தது என்னவென்று மெல்ல மெல்லத் தெரிய வந்தது. கோப்பையில் கொதிதண்ணீர் ஊற்றமாட்டார், அக்காவைக் கூப்பிடுவார். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். மூன்றாம் மாதம் தொழிற்சாலை முதலாளியே வீடு தேடி வந்து, கதிரை போட்டுத் தருகிறேன், இருந்தபடியே மெசினைப் பாருங்கள் என்று கேட்டார். நானும் அங்கே நின்றேன். அத்தான் கும்பிட்டு மறுத்துவிட்டார். "வேண்டாம் ஐயா. என்ரை கை எனக்குச் சொல்லுக் கேக்குதில்லை. அவசரத்துக்கு ஒரு விசையைத் தட்ட மறந்தவன் மெசினிலை இருக்கக் கூடாது. ஆரின்ரையாவது விரல் போயிடும்" என்றார்.

அன்றும் நான் சொல்லவில்லை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை போய் அவர் முன்னால் நின்று, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். குழாய் கொழுவி இறுக்கியது, பிறகு தளர்த்தியது, ஆஸ்பத்திரியில் சொன்ன பதில், எல்லாம். அடிப்பார், வெளியே போ என்பார் என்று காத்து நின்றேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப நான் தட்டினனான் தானே?"

"ஓம் அத்தான். நீங்கள் தட்டினனீங்கள்."

அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் திரும்பி அவளைக் கூப்பிட்டார். "இஞ்சை வா. நான் தட்டினனானாம்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அக்கா வந்து விஷயம் முழுவதையும் கேட்டாள். இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போனால் தேநீர் தருவாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

அத்தான் அடுத்த கிழமையே தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். முறிந்த கால் சற்றுக் குட்டையாகப் பொருந்தியதால் பொய்க்காலும் முன்போல் ஒட்டவில்லை. ஊன்றுகோலில்லாமல் நிற்க முடியாது. சைக்கிளை மருமகன் சொன்னபடி யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். என்னுடன் அத்தான் முன்போலவே கதைக்கிறார், பகிடிகூட விடுகிறார். பெரிய மனது அவருக்கு.

ஆணியை இறுக்கியது தெரியாமல் செய்த பிழை, அதை என்னால் ஒருவாறு தாங்க முடிகிறது. ஆனால் ஒரு நல்ல மனிதன் தன் கையையே நம்பாமல் கழித்த அந்த மூன்று மாதத்தில், அவரை மீட்க ஒரு சொல் போதும் என்று தெரிந்தும் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வந்தவன் நான் என்பதை, அவர் மன்னித்த பிறகும் என்னால் மன்னிக்க முடியவில்லை.