வடைக்கு நடுவே ஒரு வடை

எங்கள் வீட்டில் பர்கர் செய்தோம் என்று சொல்ல மாட்டேன். பர்கர் நடந்தது என்றுதான் சொல்வேன். ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து நடந்தது. மிக்ஸி, தோசைக்கல், என் வாய் மூன்றும் சேர்ந்து சூடாகிவிடும். யாருக்காக இத்தனையும் நடந்ததோ அந்த மகள், பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் நழுவிவிடுவாள்.

அப்போது அவள் நாலாம் வகுப்பு. கோதுமை உள்ளே போனால் அவள் குடல் புண்ணாகிவிடும் என்று பரிசோதனையில் தெரிந்தது. அதுவரைக்கும் பூஞ்சை உடம்பு, சாப்பிடப் படுத்துகிறாள் என்று நாங்களே வைத்தியம் சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தோம். தெரிந்த அன்றே சப்பாத்தி மாவு, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே அனுப்பினேன். மைதா சலித்த சல்லடையைக்கூட விடவில்லை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. மயிரிழை பிசகினாலும் பீஸை ஓரங்கட்டுகிற கை இது. இந்தக் கையைத் தாண்டி ஒரு பொட்டுக் கோதுமை உள்ளே வந்துவிடுமா, என்ன பேச்சு!

சொந்தக்காரர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. கொஞ்சூண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று அத்தனை பேரும் டாக்டரானார்கள். வெள்ளானூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது என் வீட்டுக்காரரின் சித்தி, கேசரியில் ரவை இருந்தாலும் பரவாயில்லை, நெய் நிறைய ஊற்றியிருக்கிறது, வழுக்கிக்கொண்டு போய்விடும் என்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து வந்தேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. வரட்டுமே.

இத்தனை செய்தும் ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் குடல் புண்ணைக் காட்டிக்கொடுக்கும் அளவு இறங்கவே இல்லை. மத்தியானமானால் வயிறு உப்பிக்கொள்ளும், சுருண்டு படுத்துவிடுவாள். உணவு ஆலோசகர் பொறுமையான பெண். மசாலா பாக்கெட்டுகளை எல்லாம் படித்துப் பார்த்தீர்களா என்று ஆரம்பித்தார். முடிக்க விட்டேனா? எல்லாம் வீட்டிலேயே அரைக்கிறேன், என்னிடம் பாக்கெட்டே கிடையாது என்று வெட்டிவிட்டேன். அப்படியானால் கொஞ்ச காலம் எந்தத் தானியமுமே வேண்டாம், பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தார். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாவற்றுக்கும் ஒரே கோடு. மகள் அந்தக் காகிதத்தைப் பார்த்து, தயிர்சாதம்கூடக் கிடையாதா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் தலையாட்டினேன். அப்புறம் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் பர்கர் வேண்டும் என்றாள். கிளாஸில் எல்லாரும் சாப்பிட்டிருக்கிறார்களாம். சோறே இல்லாத பிள்ளை பர்கர் கேட்கிறாள், இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்? அவள் அப்பா உடனே களத்தில் இறங்கினார். இறங்கினார் என்றால், படுக்கையறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடி சமையலறையில் இருக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினார். அந்த வீடியோக்களில் வரும் அம்மணிகளுக்கு வியர்ப்பதே இல்லை. பாதாம் மாவு ரெண்டு கப் என்பார்கள், ஆளிவிதை ஊறவைத்தது என்பார்கள், பன் தானாக உப்பிக்கொண்டு வரும். எனக்கு வந்த முதல் பன்னை எங்கள் கம்பெனியில் கொடுத்திருந்தால் பிரேக் ஷூ என்று முத்திரை குத்தி அனுப்பியிருப்பார்கள். மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்தது. அடுத்தது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழிக்கே வந்தேன். உளுந்தைக் கெட்டியாக அரைத்து, தோசைக்கல்லில் தடியாக வட்டமாகத் தட்டி, மூடி போட்டு வேகவைத்தால் பன். உள்ளே வைப்பதற்குச் சேனைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் மசித்தது. ஊரெல்லாம் ரஸ்க் தூள் போட்டுப் பிடிப்பார்கள், நான் வேர்க்கடலையைப் பொடித்துப் போட்டுப் பிடித்தேன். உளுந்து, கிழங்கு, கடலை மூன்றும் வாயுவுக்குப் பேர்போன சாமான். அதனால் பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டேன், மாவில் ஒரு ஸ்பூன், மசியலில் ஒரு ஸ்பூன். வீட்டுக்காரர் ஒரு கடி கடித்துவிட்டு, இது ரெண்டு வடைக்கு நடுவில் ஒரு வடை என்று தீர்ப்புச் சொன்னார். இனி லிங்க் அனுப்பினால் போனை மாவில் போட்டு அரைத்துவிடுவேன் என்று நானும் சொன்னேன். மகள் மட்டும் நடுவில் முட்டைக்கோஸ் இலை வைத்து, ரெண்டு கையாலும் பிடித்து, இது பர்கர்தான் என்று அடித்துச் சொல்லித் தின்றாள்.

அன்று மத்தியானமும் வயிறு உப்பியது. கிழங்கு வேலையைக் காட்டுகிறது என்று மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு மாவில் இன்னும் அரை ஸ்பூன் கூட்டினேன்.

மறுபடியும் ரத்தம் எடுத்தோம். அளவு அசையவில்லை. வீட்டில் தப்பே கிடையாது, அப்படியென்றால் வெளியே எங்கேயோ தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். பள்ளிவிட்டு நான் வேலையிலிருந்து வரும்வரைக்கும் அவள் எதிர் ஃபிளாட்டில்தான் இருப்பாள். அங்கே ஒரு அக்கா, ஆவடிக்காரர், வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அந்த வீட்டில் அவரும் அவர் புருஷனும் மட்டும்தான். அங்கே என்ன தின்றாய் என்று மகளைக் கேட்க ஆரம்பித்தேன். ஒன்றும் இல்லை என்றாள். தலை பின்னும்போது கேட்டேன். ஸ்கூட்டரில் போகும்போது கேட்டேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டேன். நாலு நாள் இல்லை என்றாள். ஐந்தாம் நாள், பென்சிலைச் சீவிக்கொண்டே, ஆன்ட்டி வீட்டில் ரஸ்க் சாப்பிட்டேன், ரெண்டு, என்றாள்.

கையைப் பிடித்துத் தரதரவென்று எதிர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்ற வார்த்தை வரைக்கும் என் வாயிலிருந்து வந்தது. மாடிப்படியில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அந்த அக்கா தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் மகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரிமா. இனிமே குடுக்கல" என்றார்.

பிடித்தேன் பார் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம். மறுநாளே மகளை டியூஷன் சென்டரில் சேர்த்தேன். படியில் அந்த அக்கா எதிரே வந்தால் நான் போனைப் பார்ப்பதுபோல் நடந்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு, உளுந்து அரைத்து வைத்த பிறகு பெருங்காயம் தீர்ந்துபோயிற்று. வீட்டுக்காரர் கீழ்க்கடைக்குப் போய்ப் புது டப்பா வாங்கி வந்தார். வீட்டுக்குள் வரும் எந்தப் பாக்கெட்டையும் மகள் படித்த பிறகுதான் திறக்க வேண்டும் என்பது ரஸ்க் சண்டைக்குப் பிறகு நான் போட்ட சட்டம். பழைய டப்பா அந்தச் சட்டத்துக்கு முந்தியது. தவிர, பெருங்காயத்தை யார் படிப்பார்கள்? அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல கோதுமை மாவுன்னு போட்டிருக்கு."

சரியாகப் படி என்று அதட்டினேன். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானே படித்தேன். எறும்பு சைஸ் எழுத்து. பெருங்காயத்துக்கு முன்னாலேயே கோதுமை மாவு உட்கார்ந்திருந்தது. குப்பைக்கூடையிலிருந்து பழைய டப்பாவை எடுத்தேன். அதிலும் அதேதான். சாம்பாரில், ரசத்தில், பர்கரில், வயிறு வலிக்கிறதே என்று கரைத்த மோரில் எல்லாம் நானே ஊட்டியிருக்கிறேன். ஊரையெல்லாம் சோதித்த குவாலிட்டி செக்கர் இவள்தான், பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார், அன்றைக்கு ஒரு லிங்க்கும் வரவில்லை.

உணவு ஆலோசகர் பெருங்காயத்தை நிறுத்தச் சொல்லி, சோற்றைத் திரும்பக் கொடுத்தார். அந்த முதல் தயிர்சாதத்தை அவள் எப்படிச் சாப்பிட்டாள் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் எதிர் வீட்டுக் கதவை உடனே தட்டினேனா? இல்லை. பெருங்காயம் ஒரு பக்கம் இருக்கட்டும், ரஸ்க் கொடுத்தது கொடுத்ததுதானே என்று மூன்று மாதம் வீம்பாக இருந்தேன். அளவு பாதியாக இறங்கி ரிப்போர்ட் வந்த பிறகுதான் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பெருங்காய விஷயத்தைச் சொன்னேன். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. ரெண்டு ரஸ்க்குக்கு நான் அவ்வளவு பேசியிருக்கக் கூடாதுதான் என்று பெரிய மனுஷியாக மன்னிப்புக் கேட்டேன்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எங்க ஊட்ல ரஸ்க்கு வாங்கி ரெண்டு வருசம் ஆவுதுமா. அவருக்குச் சர்க்கரை கீது."

அப்படியானால் அன்றைக்கு ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"நான் இல்லேன்னு சொன்னா புள்ள பொய் சொன்னதா ஆவும். பாவம், அது மூஞ்சியே சரியில்ல."

என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று நினைவில்லை. எங்கள் வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சாப்பிடாததைச் சாப்பிட்டேன் என்று ஏன்டி சொன்னாய் என்று மகளிடம் கேட்டேன்.

"இல்லைன்னு சொன்னா திரும்பத் திரும்பக் கேட்டியேம்மா. ஆமான்னு சொன்னதும் நிறுத்திட்ட."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலை. என் கையிலிருந்த சாவியை வாங்கி, அவளே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.