இன்னாசியம்மாள் மன்னிப்புக் கேட்கிறாள்

"எனக்கும் உனக்கும் ஏதும் இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் முதல் மணி அடிக்குமுன், டீக்கடை வாசலில் நின்று இன்னாசியம்மாள் கேட்டாள். பால் ஆற்றிக்கொண்டிருந்த முத்துகிருஷ்ணன் கையை நிறுத்தாமல், "ஒண்ணும் இல்லத்தா" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. செவ்வாக்கெழம உன் டீய கழனித்தண்ணின்னு சொன்னேன்."

"அப்படியா? என் காதுல விழுகலியே."

"விழுகலியா? நாலு பேருக்கு முன்னாடியில்ல சொன்னேன்! சரி, மன்னிச்சுக்க. ஆனா அது கழனித்தண்ணி மாதிரிதான் இருந்துச்சு."

முத்துகிருஷ்ணனின் கை நின்றது. அதுவரை இல்லாத கோபம் அப்போதுதான் அவருக்கு வந்தது. இன்னாசியம்மாள் அதைப் பார்க்கவில்லை. ஒரு வேலை முடிந்த நிறைவோடு அடுத்த வாசலுக்கு நடந்துவிட்டாள்.

பாம்பனுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய குடியிருப்பில் அவளுக்கு வீடு. வயது நாற்பத்தெட்டு. தொழில் கடல்பாசி எடுப்பது. விரல்களில் துணி சுற்றி, காலில் செருப்பை இறுக்கிக் கட்டி, இடுப்பில் வலைப்பையோடு வத்தை என்னும் சிறு படகிலிருந்து குதித்து, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிடுங்கிக்கொண்டு மேலே வருவாள். மூழ்கும்போது பாதியில் விட்ட பேச்சை, தலை வெளியே வந்ததும் அடுத்த சொல்லிலிருந்து தொடங்குவாள். உடன் வரும் பெண்கள், அவள் தண்ணீருக்குள்ளும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள், நமக்குத்தான் கேட்பதில்லை என்பார்கள்.

அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் கேட்டதை மறக்கமாட்டாள். ஞாயிறு பிரசங்கத்தில் காதில் விழுந்ததைத் திங்கட்கிழமையே செய்து பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. இரண்டு உடுப்பு வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று ஒரு வாரம் கேட்டுவிட்டு வந்து, உடனே ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கொடுத்தது கணவன் சந்தியாகுவின் திருவிழாச் சட்டை. நாளையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று கேட்ட வாரம் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கவில்லை. மறுநாள் விடியுமுன் கடலுக்குக் கிளம்பிய சந்தியாகு வெறும் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தப் பிரசங்கத்தையெல்லாம் கல்யாணம் ஆகாதவுகளுக்கு மட்டும் வச்சா என்ன?" என்றார்.

மற்ற வசனங்களெல்லாம் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் ஓய்ந்துவிட்டன. ஒன்றுதான் ஒட்டிக்கொண்டது. போன தவக்காலத்தில் கேட்டது அது. காணிக்கையோடு பீடத்துக்கு வந்த இடத்தில், உன் சகோதரன் எவனுக்காவது உன்மேல் மனத்தாங்கல் என்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு, பிறகு வந்து கொடு. இதில் இன்னாசியம்மாளைப் பிடித்துக்கொண்டது ஒரு நுணுக்கம். "எனக்கு யார் மேல கோவம்னு கேக்கல பாத்தியா. என் மேல யாருக்குக் கோவம்னுல்ல கேக்குது. அத நான் எப்படிக் கண்டேன்? வீடு வீடாப் போயிக் கேட்டாத்தான தெரியும்."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இந்தச் சுற்று. "எலெக்சனுக்கு ஓட்டுக் கேட்டுப் போறவ மாதிரியில்ல போறா" என்று சந்தியாகு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். தையல் கடை ஹமீதா பானு தெருமுனையில் அவள் தலையைப் பார்த்ததுமே, "மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு, நீ போத்தா" என்று கையை ஆட்டிவிடுவாள். சண்டை இல்லாத இரண்டு மூன்று வீடுகளில், அவள் வந்து கேட்டதாலேயே சண்டை வந்தது. அடுத்த ஞாயிறு அவர்களும் சுற்றில் சேர்ந்துகொண்டார்கள்.

ஆனால் அந்த ஞாயிறு ஒரு வாசலைத் தாண்டி அவள் வேகமாக நடந்தாள். அது பாண்டியம்மாளின் வாசல்.

பாசி எடுப்பவர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். ஒருத்தி மூழ்கினால் மற்றவள் மேலே மிதந்துகொண்டு பார்த்திருப்பாள். பன்னிரண்டு வருடமாக இன்னாசியம்மாளுக்குச் சோடி பாண்டியம்மாள்தான். வியாழக்கிழமை கரையில் எடை போடும்போது வியாபாரியின் ஆள் மலையாண்டி, பாண்டியம்மாளின் மூட்டைக்குள் கைவிட்டு, எடை கூடச் சேர்த்தது என்பதுபோல் ஒரு பிடி மணலை அள்ளிக் காட்டினான். "பாசி எடுக்கப் போனியா, வீடு கட்ட மணல் அள்ளப் போனியா?" எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசியம்மாளின் சிரிப்பு தனியாகக் கேட்டது. பாண்டியம்மாள் கிளம்பிப் போய்விட்டாள். வெள்ளியும் சனியும் வேறொரு வத்தையில் ஏறினாள். இந்த வத்தையில் இன்னாசியம்மாள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, விட்ட பேச்சைத் தொடங்கினாள். கேட்க ஆளில்லை.

"நான் ஒரு வார்த்த சொல்லல உபதேசியாரே" என்று கோவில் வாசலில் வேதமுத்துவைப் பிடித்துக்கொண்டாள். பூசைக்கு உதவியாக இருக்கும் பெரியவர் அவர். "சிரிச்சதுக்குப் பத்துக் கட்டளையில ஏதும் இருக்கா?"

"தனியா ஒண்ணும் இல்ல."

"அதோட, சகோதரன்னுதான் சொல்லியிருக்கு. பாண்டி நம்ம கோவில் பங்கே இல்ல. அவுகளுக்குக் குலசாமி உத்தரகோசமங்கைப் பக்கம்."

வேதமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தப் பங்குன்னு விலாசம் ஒண்ணும் போடலியே" என்றுவிட்டு மணி அடிக்கப் போனார்.

அன்று காணிக்கை எடுத்துச் செல்வது அவள் தெருவாரின் முறை. வாழைப்பழத் தாம்பாளம் அவள் கையில். முன்னால் சென்ற மூதாட்டி மெல்ல நடக்க, வரிசை நடுவில் தேங்கி நின்றது. பாட்டும் முடிந்துவிட்டது. அந்த அமைதியில் இன்னாசியம்மாளுக்குத் தன் வியாழக்கிழமைச் சிரிப்பு காதில் கேட்டது. பீடத்தருகே போனதும் சாமியார் கையை நீட்டினார். அவள் தாம்பாளத்தைக் கொடுக்கவில்லை. குனிந்து படியில் வைத்தாள்.

"சாமி, இது இங்கன கெடக்கட்டும். ஒரு ஆள் பாக்கி இருக்கு. போயிட்டு வாரேன்."

சாமியாரின் அங்கியில் மைக் இருந்தது. கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாயில் ஊர் முழுக்க அது கேட்டது.

பாதி வழியில் போன் அடித்தது. திருச்சியில் நர்சாக இருக்கும் மகள் ஜெப்சி. "எம்மா, பூசைய நேரலையில பாத்துக்கிட்டிருக்கேன். நீ பாட்டுக்கு எங்க எந்திரிச்சுப் போற? கூட இருக்குறவளுக எல்லாம் சிரிக்கிறாளுக."

"சிரிக்க வேணாம்னு சொல்லுடி. அதுல பெரிய தொல்லை இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

பாண்டியம்மாள் கொல்லையில் குந்தி நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"பாக்கி ஆள் நாந்தானா? கொழாய்லயே கேட்டுச்சு."

"நான் ஒண்ணும் சொல்லல பாண்டி. அந்த மலையாண்டிப் பயதான்…"

ஒரு நண்டுக்கால் முறிந்தது.

"சரி, சிரிச்சேன். மன்னிச்சுக்க. ஆனா எல்லாருந்தான் சிரிச்சாக."

இன்னொரு கால் முறிந்தது.

"ஆனா மூட்டையில மணல் இருந்துச்சா இல்லையா, நீயே…"

"ஏத்தா, நீ மன்னிப்புக் கேக்க வந்தியா, மலையாண்டிக்குச் சாச்சி சொல்ல வந்தியா? அந்த ஆனாவ வெளிய விட்டுட்டு வா."

இன்னாசியம்மாள் வாயை மூடினாள். பாண்டியம்மாள் நண்டைச் சட்டிக்குள் போட்டாள்.

"அவன் நேத்து வந்த பய. அவன் பேச்ச நான் மதிக்கல. நீ உள்ள முங்குனா, உன் தல மேல வர்ற வரைக்கும் நானும் மூச்சு விடுறதில்ல. பன்னெண்டு வருசமா. அது உனக்குத் தெரியுமா?"

தெரியாது. தண்ணீருக்குள் தான் மட்டுமே மூச்சடக்குவதாகத்தான் இன்னாசியம்மாள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தொண்டைக்குள் நாலைந்து பதில்கள் முட்டிக்கொண்டு வந்தன. எல்லாமே 'ஆனா'வில் தொடங்கின. ஒவ்வொன்றாக விழுங்கினாள். கடைசிப் பதில் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"மன்னிச்சுக்க பாண்டி."

அடுத்து என்ன வரும் என்று பாண்டியம்மாள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

பாண்டியம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள், வந்திருப்பது இன்னாசியம்மாள்தானா என்று சரிபார்ப்பதுபோல. மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "போ. உங்க பூச முடிஞ்சிரும்" என்று அடுத்த நண்டை எடுத்தாள்.

பூசை முடிந்தே போயிருந்தது. தாம்பாளம் மட்டும் வைத்த படியிலேயே இருந்தது. அதைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"இதெல்லாம் பூசைக்கு முன்னாடியே ஞாபகம் வரக் கூடாதா?" என்றார் சாமியார். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தார், குரல் ஒத்துழைக்கவில்லை.

"முன்னாடியே வந்துட்டா, பீடத்துக்கிட்ட வச்சிட்டுப் போன்னு எதுக்குச் சாமி சொல்லியிருக்கு?"

அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. "நான் கேட்டுட்டேன். அவ மன்னிச்சாளான்னு தெரியல. இப்ப தட்ட எடுத்துக் குடுக்கவா, அங்கனயே கெடக்கட்டுமா?"

சாமியார் பழங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சாமியாருக்குப் படித்த குருமடத்தில் இதை யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. "நீ வீட்டுக்குப் போம்மா. பழத்த நான் பாத்துக்கிறேன்."

திங்கட்கிழமை விடியலில் இன்னாசியம்மாள் வத்தைக்கு வந்தபோது அதன் முன்முனையில் பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள். வணக்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பாசி எடுக்கும் தீவுப் பக்கம் போய்ச் சேரும்வரை இருவரும் ஆளுக்கொரு திசையில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பெண்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

நீரில் இறங்குமுன் நீச்சல் கண்ணாடியின் உட்புறம் எச்சில் தடவித் தேய்ப்பார்கள். அப்போதுதான் உள்ளே ஆவி படியாமல் பாசி தெளிவாகத் தெரியும். இன்னாசியம்மாள் தன் கண்ணாடியை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். பாண்டியம்மாள் எட்டி அதை வாங்கினாள். நாலு நாள் கோபமும் சேர, தேவைக்கு மேலேயே, "தூ" என்று அதற்குள் துப்பினாள். கட்டைவிரலால் மூலைமுடுக்கெல்லாம் நன்றாகத் தேய்த்துக் கடலில் ஒரு தரம் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவள் கையில் கொடுத்தாள்.