முருங்கைக்குப் போன தண்ணீர்

எனக்கு வாய் சும்மா இருக்காது. அன்று ஒரு நாள் அது சும்மா இருந்திருந்தால் எங்கள் குடியிருப்பு தப்பித்திருக்கும்.

கோவில்பதாகையில் எங்கள் அடுக்குமாடிக்கு நான்தான் சங்கச் செயலாளர். போர்வெல் வறண்டு, லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்தோம். கீழே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட் ஒழுங்காக ஓடியது; சுத்தமான தண்ணீரோ தினமும் கால்வாய்க்குப் போனது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அதைக் கழிப்பறை ஃப்ளஷ்ஷுக்குத் திருப்பத் தனிக்குழாய்கூடப் போட்டாயிற்று. கூட்டத்தில் எல்லோரும் கை தூக்க வேண்டியதுதான் பாக்கி.

இரண்டாம் மாடி அக்கா எழுந்தார். "இன்னாண்ணா அநியாயம் இது? கக்கூஸ் தண்ணிய எங்க ஊட்டுக்குள்ளயே திருப்பி உடுவீங்களா?"

"கக்கூஸுக்குத்தானேக்கா உடுறேன்! உங்களைக் குடிக்கவா சொன்னேன்?"

சிலர் சிரித்தார்கள். பாதிக் கைகள் மேலே வந்தன. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். "சாமி கும்புட்ற ஊடுண்ணா..." என்று அவர் மறுபடி ஆரம்பித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"வாராவாரம் கீழே முருங்கைக்காய் பறிச்சுகினு போறீங்களே, அது எந்தத் தண்ணியில காய்ச்சுதாம்? ரெண்டு வருஷமா இதே தண்ணிதான்! சாம்பார் நல்லாத்தானே இருந்துச்சு?"

உண்மைதான். நானும் பிளான்ட் ஆபரேட்டரும் சேர்ந்து மரத்துக்கு ஒரு குழாய் இழுத்திருந்தோம். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மடையன்! ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் "உவ்வே" என்றார். தூக்கிய கைகளெல்லாம் இறங்கின. ஃப்ளஷ்ஷுக்கும் வேண்டாம், மரத்துக்கும் வேண்டாம் என்று தீர்மானம் எழுதி, அதில் என்னிடமே கையெழுத்து வாங்கினார்கள்.

மறுநாள் மரத்தை வெட்டிவிட்டார்கள். ஆபரேட்டர் குழாயை மூடிக்கொண்டே, "இன்னா சார் நீங்க, நல்லா வந்துகினு இருந்த காரியத்தக் கெடுத்துட்டீங்களே" என்றார்.

வீட்டுக்கு வந்தால், ஃப்ரிட்ஜில் இருந்த முருங்கைக்காய்களை மனைவி குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சுத்தமான தண்ணிடி அது."

"தெரியும். ஆனா இனிமே எனக்குத் தொண்டையில இறங்காது."

அவளுமா! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை லாரி வரவில்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கழிப்பறை நாறத் தொடங்கியது. வேறு வழியில்லாமல், குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் அதில் ஊற்றினேன். ஜன்னலுக்கு வெளியே பிளான்ட் தண்ணீர் கால்வாயில் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது.