ரெண்டு என்றதும் தூக்கு

"கஸ்தூரி அக்கா போயிட்டாங்கம்மா." காலையில் தொலைபேசியில் சொன்னவள் நர்ஸ் நிர்மலா. எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கூச்சம். என் கணவருக்குப் பிறகு என் உடம்பை அறிந்திருந்த ஒரே மனுஷி போய்விட்டார்.

திருப்பதி மருத்துவமனையில் தலைமை நர்ஸ் கஸ்தூரியோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. படுக்கையில் கிடந்தவள் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

இடுப்பெலும்பு முறிந்து அவருடைய வார்டில் இருந்தேன். பிள்ளைகள் கணினி வேலைக்கு அமெரிக்கா போயிருந்தார்கள். "நாளை வந்துவிடுவார்கள்" என்று தினமும் நர்சுகளிடம் சொல்வேன். கஸ்தூரி ஒருநாளும் "எங்கே காணோம்?" என்று கேட்டதில்லை. அதுவே என்னைக் குன்ற வைத்தது.

கன்னியர் மடத்து விடுதியில் பாவாடையோடு குளித்துப் பழகியவள் நான். புரட்டிப் படுக்கவைக்க வந்தால், "இப்போது வேண்டாம்" என்பேன். துணி நனைந்தாலும் மணி அடிக்கமாட்டேன். ஒருநாள் கஸ்தூரியே வந்து என்னை ஒருக்களிக்க வைத்துப் பார்த்தார். முதுகின் அடியில் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை.

"இன்னாமா இது? வெக்கப்பட்டுக்கினு மல்லாக்கவே கிடந்தா புண்ணு வந்துடும். எலும்பு கூடினாலும் அது உங்கள எழுந்துக்க வுடாது."

ஒருவராக இழுத்தால் தோல் உராயும். நாலு பேர் விரிப்போடு தூக்க வேண்டும் என்பது அவர் சட்டம். ஆனால் பழகிய நர்சுகள் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. புதியவர்களில் ஒரு தெலுங்குப் பெண் எண்ணினாள்: "ஒகட்டி, ரெண்டு, மூடு!" மற்றவர்கள் தூக்கினார்கள். திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்திருந்த நிர்மலாவோ விரிப்பை விட்டுவிட்டு, போர்வையை இழுத்து என்னை மூடினாள். நான் சரிந்து கிடந்தேன்.

"தூக்கலியாடி?"

"மூடுன்னியே, மூடினேன்!"

"மூடு அண்டே மூணுடி!"

வார்டே சிரித்தது. போர்வை மேலே விழுந்ததும் என் முகம் இளகியதைக் கஸ்தூரி மட்டும் கவனித்திருக்க வேண்டும்.

"இனிமே மொதல்ல மூடு. அப்பறம் எண்ணு. ரெண்டு, ரெண்டு பாஷைலயும் ரெண்டுதான். ரெண்டுல தூக்கு" என்றார்.

அதன்பின் நான் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. சிவப்பு மறைந்தது. நடந்து வீடு சேர்ந்தேன்.

பிறகு ஒருமுறை சித்தூர் பேருந்து நிலையத்தில், நான் உட்கார்ந்திருந்த பேருந்தில் ஏறி, அத்தனை பேர் நடுவே, "அம்மா, முதுகு எப்படிக்கீது?" என்று கூவினார். பேருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நன்றாக இருக்கிறது" என்றேன்.

அவர் ஊரான பாலசமுத்திரத்தில் அவரைப் பாயிலிருந்து பாடைக்கு எடுக்கும்போது ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கால்மேலிருந்த துணி விலகியது. அந்நிய வீட்டில் குரல் உயர்த்துவது எனக்குப் பழக்கமில்லை.

"முதலில் மூடுங்கள்" என்றேன்.

நிர்மலா மூடினாள். அவளே எண்ணினாள். ரெண்டு என்றதும் தூக்கினார்கள்.

கஸ்தூரி எனக்கு விட்டுப்போனது ஒரு தழும்பும் இல்லாத முதுகு. அதை யாருக்கும் காட்ட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.