இரண்டு பேருக்கான பிராசஸர்

இல்போ வியாழக்கிழமைகளில் வருவான். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வியாழன் என்றால் பட்டாணி சூப். அதைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தபடி என் கடைக் கதவைத் தள்ளுவான். காலணியில் ஒட்டியதை வாசல் கால்மிதியில் தேய்ப்பான். குல்லாவைக் கழற்றிக் கவுண்டரில் வைப்பான். அப்புறம் கேட்பான்.

"விளையாடவும் வேணும், படம் வெட்டவும் வேணும். எந்த பிராசஸர் நல்லது, ஹில்க்கா?"

வசந்தத்தில் கேட்டான். கோடையில் மழை பெய்த வியாழன்களில் வந்து கேட்டான். இலையுதிர்ந்த பிறகும் அதையேதான் கேட்டான். எங்கள் ஊர் மிக்கெலியில் கம்ப்யூட்டர் கடை வைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. எத்தனையோ பேர் மணிக்கணக்கில் வாயைக் கிளறிவிட்டு வெறுங்கையோடு போயிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை எனக்குக் கட்டோடு பிடிக்காது, முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். இல்போவிடம் மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்கினேன்.

விளக்கம் ஒன்றும் பெரிதில்லை. பிராசஸருக்குள் வேலை செய்யும் கோர்கள் இருக்கின்றன. விளையாட்டுக்கு நிறைய கோர் வேண்டாம், எட்டு போதும். ஆனால் அவை கேட்கும் தகவல் உடனே கிடைக்கும்படி பக்கத்திலேயே பெரிய கேஷ் நினைவகம் வேண்டும். வீடியோ படத்தை வெட்டி ஒட்டி எடிட் செய்கிறவர்களுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை, கோர் எண்ணிக்கைதான் முக்கியம். இரண்டுக்கும் பொருந்துகிற ஒன்றும் உண்டு. அது நன்றாகச் சூடாகும், பெரிய விசிறி கேட்கும், விலையும் விழி பிதுங்க வைக்கும்.

"புரியுது," என்பான் இல்போ. "ஒண்ணு, எட்டு ஆளு, பெயிண்ட் டப்பா கையிலயே இருக்கு. இன்னொண்ணு, பதினாறு ஆளு, ஆனா பெயிண்ட் டிப்போவுல இருக்கு."

அவன் சாலையில் வெள்ளைக் கோடு போடுகிறவன். பனி உருகியதும் லாரியோடு கிளம்பினால் செப்டம்பர் வரை ரோடுதான். ஈரத்தில் கோடு ஒட்டாது, அதனால் மழை நாளில் விடுமுறை. குளிர்காலம் முழுக்க வேலை கிடையாது. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ராலி பந்தயக் கார் ஓட்டுவான். கோடே இல்லாத காட்டுப் பாதையாகத் தேடிப் பிடித்து ஓட்டுவான் என்று துய்ரே சொல்லிச் சிரிப்பாள்.

துய்ரே அவன் மனைவி. கல்யாணம், ஐம்பதாவது பிறந்தநாள், ஏரிக்கரையில் நடக்கும் கோடை நாடகம் என்று ஊரில் எது நடந்தாலும் படம் எடுத்து, வெட்டி, இசை சேர்த்துக் கொடுப்பது அவள் தொழில். கொஞ்சம் வாய் நீளம். நாடகம் எழுதுகிறவரிடமே, "உன் வசனத்துல பாதியை வெட்டிட்டேன். மீதியையும் வெட்டியிருப்பேன், அப்புறம் ஏரி மட்டும்தான் இருக்கும்," என்று சொன்னவள். அவர் அடுத்த வருடமும் அவளிடம்தான் வந்தார்.

வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். பகலில் அவளுக்கு, சாயங்காலம் அவனுக்கு. ஒரு படத்தை வெட்டி முடித்தால், துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒரே படமாக்கும்வரை மெஷினைத் தொடக்கூடாது. சனிக்கிழமை அந்த வேலையைக் கொடுத்துவிட்டு இருவரும் சவுனா என்ற நீராவி அறையில் போய் வியர்க்க உட்காருவார்கள். வெளியே வந்து பார்த்தால் பாதிகூட முடிந்திருக்காது. மறுபடியும் உள்ளே போவார்கள். சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து என் கடைக்கு வந்தபோது துய்ரேதான் பேசினாள்.

"ஒரு நாடகத்துக்கு மூணு சவுனா ஆகுது, ஹில்க்கா. தோலே உரிஞ்சு போச்சு. ஒரே சவுனாவுல முடிக்கிற மாதிரி ஒண்ணு குடு. இவன் காரும் திக்காம ஓடணும். இல்லேன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான்."

"நான் எப்ப தூக்கி வச்சேன்?" என்றான் இல்போ.

"உன் மூஞ்சி எப்பவுமே அப்படித்தான் இருக்கு, எனக்கு எப்படித் தெரியும்?"

யோசித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். பிப்ரவரியில் துய்ரேவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது.

பிழைத்துக்கொண்டாள். பேச்சு வந்தது, ஊன்றுகோலோடு நடக்கிறாள். ஆனால் இடப்பக்கம் போய்விட்டது. கண்ணில் குறையில்லை, மூளைதான் அந்தப் பக்கம் ஒன்று இருப்பதையே கணக்கில் எடுப்பதில்லை. தட்டின் வலப்பாதியில் இருக்கும் உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு, தீர்ந்தது என்பாள். இல்போ தட்டைத் திருப்பி வைப்பான், மீதியையும் தின்பாள். படம் வெட்டும் திரையில் காட்சிகள் இடமிருந்து வலமாக அடுக்கப்பட்டிருக்கும். கோடையில் ஒருநாள் அவளை அதன்முன் உட்கார வைத்திருக்கிறான். எந்தப் படத்துக்கும் தொடக்கமே அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாளாம். அதில் அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நோயே உணர்ச்சியை அப்படி மழுக்கிவிடுமாம்.

இதெல்லாம் இல்போவின் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இல்போ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவருக்குக் கஷ்டம் வந்தால் நாங்கள் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்போம். அதை மரியாதை என்றும் சொல்லிக்கொள்வோம். அதனால் அவன் வந்த வியாழன்களில் எல்லாம் அவனும் நானும் கவுண்டருக்கு இரு பக்கமும் நின்று, படம் வெட்டும் ஒருத்திக்கும் கார் ஓட்டும் ஒருவனுக்கும் சேர்த்து பிராசஸர் பார்த்தோம்.

அவன் ஏன் வாங்கவில்லை என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. இரண்டுக்கும் பொருந்துகிற பெரியதை வாங்கினால் அவள் அதன்முன் உட்காருகிறாளா இல்லையா என்பது தெரிந்துவிடும். விளையாட்டுக்கானதை வாங்கினால், உட்காரமாட்டாள் என்று அவனே சொன்னதாகிவிடும். வாங்காமல் இருக்கும்வரை துய்ரே வெட்ட வேண்டிய படங்கள் பாக்கி இருந்தன.

அக்டோபரில் ஒருநாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எதையாவது வாங்கித் தொலையேன், மனுஷா!"

"வசந்தத்துல புதுசு வருதாம்," என்றான். "பொறுத்துப் பார்க்கலாம்."

முகத்தில் ஒன்றும் இல்லை. குல்லாவைப் போட்டுக்கொண்டு போனான்.

நவம்பரில் அந்தப் பழைய மெஷின் உயிரை விட்டது. மதர்போர்டு போய்விட்டது, அந்த வயதுக்கு மாற்றும் கிடைக்காது. அந்த வியாழன் இல்போ தனியாக வரவில்லை. துய்ரேவையும் அழைத்து வந்தான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன், கவுண்டரைப் பார்த்து உட்கார்ந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். குளிர்க்கோட்டின் வலக்கையை மட்டும் கழற்றிவிட்டு, கழற்றி முடித்துவிட்டதாக நினைத்து உட்கார்ந்திருந்தாள். இல்போ இடக்கையை உருவிவிட்டான்.

"காபி குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"ஊத்து," என்றாள்.

காபியை ஊற்றினேன். பிறகு இரண்டு பெட்டிகளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பெரியது அவள் இடப்பக்கம் வந்தது, விளையாட்டுக்கானது வலப்பக்கம். யோசித்து வைக்கவில்லை.

"நீயே சொல்லு, துய்ரே. எது வேணும்?"

அவள் பார்த்தாள்.

"எது என்ன எது? ஒண்ணுதானே இருக்கு?"

"தலையைத் திருப்பு," என்றான் இல்போ. தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். அவள் கழுத்தை மெதுவாகத் திருப்பினாள்.

"ஓ. இன்னொண்ணும் இருக்கு. இது எதுக்கு?"

"படம் வெட்ட," என்றேன்.

"யாரு வெட்டப் போறா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நாளைக்கு பஸ் உண்டா என்பது போலத்தான் கேட்டாள். இல்போ பெட்டியின் மூலையை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"இத்தனை வியாழக்கிழமையும் இதுக்குத்தான் வந்தியா?" என்றாள் துய்ரே. "சூப்புக்குன்னு நினைச்சேன். அப்படி ஒண்ணும் நல்ல சூப்பும் இல்லையே அதுன்னு யோசிச்சேன்."

நான் சிரித்துவிட்டேன். பழைய துய்ரேவின் வாய் அது. நிமிர்ந்து பார்த்தால் அவள் முகத்தில் சிரிப்பில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் பேசியிருக்கிறது. என் சிரிப்பு பாதியில் நின்றது.

"வேண்டாம், இல்போ," என்றாள். "வாங்கினா தினமும் அதைப் பார்ப்ப, அப்புறம் என்னைப் பார்ப்ப. இப்பவே என் தட்டைப் பார்க்கிற, என் செருப்பைப் பார்க்கிற, கதவு நிலையில இடிச்சுக்கிறேனான்னு பார்க்கிற. இதுவே போதும்."

"டாக்டர் சொன்னாங்க, ஒரு வருஷம் கழிச்சும் சில பேருக்கு..."

"சில பேருக்கு."

நான் அங்கே இருப்பதையே மறந்தவன் போல இல்போ கேட்டான்.

"உனக்கு வருத்தமாவே இல்லையா, துய்ரே?"

அவள் யோசித்தாள். உண்மையான பதிலைத் தேடுவது தெரிந்தது.

"இருக்கணும்னு தெரியுது. வர மாட்டேங்குது."

இல்போ தலையாட்டினான். பெரிய பெட்டியை என் பக்கம் தள்ளினான். எத்தனையோ வாரம், இந்த ஆள் எதையாவது எடுத்துக்கொண்டு போனால் தேவலை என்று நினைத்திருக்கிறேன். இப்போது மற்றப் பெட்டியைப் பையில் போட எனக்கு மனமே வரவில்லை.

"இது நல்லதுதானே?" என்றான். வாங்குகிற எல்லோரும் கடைசியில் இப்படித்தான் கேட்பார்கள்.

"விளையாட்டுக்கு மட்டும்னா இதைவிட நல்லது இல்ல," என்றேன்.

"விளையாட்டுக்கு மட்டும்தான்," என்றான்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டான். வேறொன்றும் நடக்கவில்லை. வங்கி அட்டையைப் பணம் கட்டும் கருவியில் வைத்தான், அது ஒலி எழுப்பியது. மதர்போர்டையும் மற்றதையும் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். துய்ரே காபியை முழுவதும் குடித்திருந்தாள். அவளுக்குக் கோட்டை மாட்டி, இடக்கையை உள்ளே நுழைத்து, பொத்தான் போட்டுவிட்டான். ஊன்றுகோலை வலக்கையில் கொடுத்தான். தான் இடப்பக்கம் போய், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

கதவருகே துய்ரே நின்றுவிட்டாள். கடையைப் பார்த்தாள், வலப்பக்கம் வெளியே கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"இல்போ எங்க போனான்?"

"இங்கதான் இருக்கேன்," என்றான், அவள் கையை விடாமல். "நட."