பீலியைப் பார்க்கும் ஜன்னல்கள்

குளிப்பதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் கணவர், "வேற எதுவும் கெடைக்கலையா?" என்றார். கிடைத்தது. மண்சரிவைப் பற்றி எழுதினேன், தண்ணீரைப் பற்றி எழுதினேன், பாதையைப் பற்றி எழுதினேன். அதெல்லாம் மரியாதையான விஷயங்கள். அவற்றால் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே குளிப்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

இறம்பொடைப் பக்கம் வரும் வெளியூர்க்காரர்கள் ரோட்டில் நின்று நீர்வீழ்ச்சியைப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் அந்த ரோட்டுக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிவந்தால் ஒரு பள்ளம். பள்ளத்துக்கு இந்தக் கரையில் லயம், அந்தக் கரையில் கொழுந்தெடுப்பதை நிறுத்திக் காடாக விட்ட ஒரு மலை. பள்ளத்தின் அடியில் பெண்களின் பீலி. பாறையிலிருந்து கசியும் தண்ணீரைச் சேர்த்து ஆள் உயரத்திலிருந்து விழ வைத்திருக்கும் குழாய்தான் பீலி. முன்பு மூங்கில், இப்போது பிளாஸ்டிக். சுவர் கிடையாது, கூரை கிடையாது.

மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, உடம்பில் அட்டைக்கடியும் தேயிலைப் பாலும் ஒட்டியிருக்க, பெண்கள் நேராக அங்கேதான் வருவார்கள். பாவாடையை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, சவர்க்காரத் துண்டைக் கைமாற்றிக்கொண்டு குளிப்பார்கள். அன்றைக்கு யார் யாரிடம் என்ன பேசினார், நிறுவையைப் பார்க்கும் கண்டாக்கு ஐயா யாருடைய கொழுந்தில் தண்ணீர் என்று எவ்வளவு நிறையைக் குறைத்தார் என்பதெல்லாம் அங்கேதான் பேசித் தீரும். அந்த நேரத்தில் ஆண்கள் அந்தப் பாதையால் வரமாட்டார்கள். வந்தே ஆகவேண்டுமென்றால் வளைவில் நின்று இருமுவார்கள். "வரலாம்" என்று கீழேயிருந்து குரல் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோவார்கள். "இன்னும் ஆகல" என்று வந்தால் நிற்பார்கள். குடித்துவிட்டு வருகிறவரும் வளைவில் இருமத்தான் செய்வார். இதை எந்தச் சபையும் கூடித் தீர்மானிக்கவில்லை.

நான் அங்கே அடிக்கடி போகிறவள் அல்ல. உயர்தரம் வரை படித்துவிட்டுத் தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மகள் பிறந்தபோது என் கணவர் லயத்தில் எங்கள் ஒற்றை அறையான காம்பராவுக்குப் பின்னால் தகரம் அடித்து ஒரு மறைப்புக் கட்டித்தந்தார். அதற்குள்தான் வெந்நீர் வைத்து அவளையும் குளிப்பாட்டி நானும் குளிப்பேன். அவளுக்குச் சளி பிடித்தால் நெஞ்சு இழுக்கும். பீலித் தண்ணீரின் குளிரை நினைத்தாலே எனக்குப் பயம். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் கணவரின் அக்கா, என் மதினி, கொழுந்தெடுக்கிறவர். அவர் அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்கமாட்டார். "டீச்சரம்மாவுக்கு என்னா, தகரத்துக்குள்ள குளிக்கிறவங்க. மழை பேஞ்சா பாட்டுக் கச்சேரியும் சேத்துக் கேக்கலாம்."

அந்தக் காட்டு மலையைத் தோட்டம் ஒரு ஹோட்டலுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது என்பதைத் தோட்ட ஆபீஸ் சுவரில் ஒட்டிய அறிவித்தல் மூலம்தான் அறிந்தோம். தேயிலைக்கான நிலத்தைச் சுற்றுலாவுக்கான நிலமாக மாற்றப் போகிறார்கள், ஆட்சேபம் உள்ள அயலவர்கள் பிரதேச சபைக்குத் தெரிவிக்கலாம். படித்தவள் என்பதால் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். என் கணவர் வேன் ஓட்டுகிறவர். "ஹோட்டல் வந்தா நமக்கு ஹயர் கெடைக்கும். நீ இதுல தலையக் குடுக்காத" என்றார். ஹோட்டல் மேனேஜர் ஏற்கெனவே அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டு போயிருந்தார். கணவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு எப்போதும் எல்லார் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றும். அதுதான் என் வியாதி.

ஆனாலும் பிரதேச சபைக்குப் போனேன். அங்கே ஒரு உத்தியோகத்தர் வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினார். எதிர்மலையில் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறைக்கும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. நீர்வீழ்ச்சியை நோக்கி அழகாக அம்புக்குறி போட்டிருந்தது. எங்கள் லயம் ஒரு நீளப் பெட்டி. பள்ளம் ஒரு கோடு. அதன்மேல் நீரோடை என்று எழுதியிருந்தது. பீலி இல்லை. அம்புக்குறி பீலி இருக்க வேண்டிய இடத்தின் மேலாகத்தான் போனது.

பார்த்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆட்சேபம் எழுதும்போதும் அந்த ஒரு வரி வரவில்லை. எழுதினேன், அடித்தேன். நாங்கள் வெளியில் குளிக்கிறோம் என்று எழுதினால் மேசைக்கு மேசை ஆண்கள் அதைப் படிப்பார்கள். படித்துவிட்டு, ஏன் உங்களுக்குக் குளியலறை இல்லையா என்று கேட்பார்கள். குறை அவர்கள் வரைபடத்தில் இல்லை, எங்களிடம்தான் இருக்கிறது என்று ஆகிவிடும். ஆகவே மண்சரிவு, தண்ணீர், பாதை என்று மூன்றை நல்ல தமிழில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். மதினி கையெழுத்துப் போட்டுவிட்டு, "பீலியப் பத்தி எங்க புள்ள?" என்று கேட்டார். "தண்ணியப் பத்தி எழுதியிருக்கேனே மதினி" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இடத்தைப் பார்க்க மதியம் வருவதாகச் சொன்ன அதிகாரிகள், மூட்டம் விலகக் காத்திருந்து அந்திக்குத்தான் வந்தார்கள். திட்டமிடல் அதிகாரி, பிரதேச சபை உத்தியோகத்தர், ஹோட்டல் மேனேஜர். ஓடைக்கும் கட்டடத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும் என்று பள்ளத்துக்கே இறங்கினார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் இறங்கினேன். சிங்களத்தில் பேசக்கூடியவள் என்று என்னைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

அதிகாரி மரியாதையான மனிதர். மண்சரிவு என்றேன், அறிக்கை எடுத்தாயிற்று, அணைசுவர் வரும் என்றார். தண்ணீர் என்றேன், அவர்கள் குழாய்க்கிணறு தோண்டுவார்கள், உங்கள் ஊற்றைத் தொடமாட்டார்கள் என்றார். பாதை என்றேன், அகலமாக்கித் தருவார்கள், உங்களுக்கும் நல்லதுதானே என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் நான் தலையாட்டினேன். தோட்ட ஆபீசுக்கு இதெல்லாம் தெரியவந்தால் முன்பள்ளி வேலை என்னாகும் என்ற பயம் ஒரு பக்கம். மகள் மூக்கை உறிஞ்சியபோதெல்லாம் இவளை ஏன் இந்தக் குளிரில் தூக்கிக்கொண்டு வந்தேன் என்ற கவலை ஒரு பக்கம்.

அப்போது மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். "இன்னொன்றும் செய்கிறோம், டீச்சர். லயத்துக்குப் பின்னால் பெண்களுக்கு டைல்ஸ் பதித்த ஒரு குளிக்கும் இடம் கட்டித் தருகிறோம். இந்த இடத்தை மூடிவிடலாம். துணி காய்வதும் நுரை ஓடுவதும் விருந்தினர்கள் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது அல்லவா?"

வரைபடத்தில் இல்லாத பீலி மேனேஜருக்கு முன்பே தெரிந்திருந்தது. அங்கிருந்து என்ன தெரியும் என்பதும் தெரிந்திருந்தது. அதில் அவர் கண்ட கஷ்டம் விருந்தினர்களின் கஷ்டம் மட்டும்தான்.

மேலே வளைவில் பேச்சுச் சத்தம் கேட்டது. மடுவம் முடிந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மதினி, கையில் வாளி.

"யாரது, இருமாமக் கொள்ளாம வந்து பீலியில நிக்கிறது?" என்றார் அங்கிருந்தபடியே.

நான் மேலே ஓடினேன். "மதினி, கொஞ்சம் பொறுங்க. ஆபீஸ்காரங்க வந்திருக்காங்க. சுருக்கா முடிஞ்சிரும்."

"காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிறோம். அப்புறம் மலையில நிக்கிறோம். மடுவத்துல நிக்கிறோம். இங்கயும் வந்து நிக்கணுமா?" பின்னால் யாரோ சிரித்தார்கள். "இருட்டுனா அட்டையா பாம்பான்னு தெரியாது புள்ள. அவுங்க வேலைய அவுங்க பாக்கட்டும். நம்ம வேலைய நம்ம பாப்போம்."

அவர்கள் இறங்கினார்கள். அது போராட்டம் ஒன்றும் அல்ல. யாரும் கோஷம் போடவில்லை. கூடைக்குக் கீழே கட்டும் படங்கை அவிழ்த்துப் பாறையில் போட்டார்கள், பாவாடையை ஏற்றிக் கட்டினார்கள், தண்ணீருக்குள் போனார்கள். தினமும் செய்வதைச் செய்தார்கள்.

அதிகாரி சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பினார். உத்தியோகத்தர் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். மேனேஜர் வேலை இருப்பவர்போல நாலு எட்டு மேலே ஏறி நின்றார்.

"டீச்சர்," என்றார் அதிகாரி தேயிலைச் செடியைப் பார்த்தபடி, "அவர்களைக் கொஞ்சம் கழித்து வரச் சொல்லுங்கள். எங்களுக்கு இங்கே நிற்கச் சங்கடமாக இருக்கிறது."

அதை மதினியிடம் மொழிபெயர்த்துச் சொல்வதுதான் என் வேலை. நான் சொல்லவில்லை. சிங்களத்தில் அவரிடமே பேசினேன்.

"சேர், கொஞ்ச நேரம்கூட உங்களால் இந்தப் பக்கம் திரும்பி நிற்க முடியவில்லை. அந்த அறைகளின் கண்ணாடி எல்லாம் வருஷம் முழுக்க இந்தப் பக்கம்தான் திரும்பி நிற்கும். எங்கள் ஆண்கள் இந்த வளைவில் நின்று இருமிவிட்டுத்தான் வருவார்கள். ஜன்னல் இருமாது."

அவர், "இவர்கள் வேறு நேரத்தில் குளிக்க முடியாதா?" என்றார்.

"விடியும் முன்னே பெரட்டு. பொழுது சாய மடுவம். அதற்கும் இருட்டுக்கும் நடுவில் இருக்கும் வெளிச்சம் மட்டும்தான் எங்களுடையது. நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருகிறவர்களுக்கும் அந்த வெளிச்சம்தான் வேண்டும்."

மேனேஜர் திரும்பிப் பார்க்காமலே, "அதற்குத்தானே குளியலறை கட்டித் தருகிறோம் என்கிறேன்" என்றார்.

"கட்டித் தாருங்கள். எங்களுக்குக் குளியலறை வேண்டும். தோட்டம் எப்போதோ கட்டியிருக்க வேண்டியது அது. மழைக்காலத்தில் குழந்தைகளை அங்கே குளிப்பாட்டுவோம். ஆனால் அது பீலியை விட்டுக்கொடுப்பதற்கான விலை இல்லை. பார்க்கப்போகிறவர்கள் நீங்கள். மறைத்துக்கொள்ள வேண்டியவர்களும் நீங்கள்தான்."

என்ன பேசினேன் என்று மதினிக்குப் புரியவில்லை. ஆனால் தண்ணீருக்கடியில் நின்றபடியே, "நல்லாச் சொல்லு புள்ள" என்றார்.

அதிகாரி முதுகைத் திருப்பியபடியே கேட்டார். "இதை ஏன் நீங்கள் எழுதித் தரவில்லை?"

"எழுத வெட்கமாக இருந்தது, சேர். இப்போது இல்லை."

மறுநாள் முன்பள்ளியில் பிள்ளைகள் தூங்கிய நேரத்தில் எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. நாங்கள் இங்கே குளிக்கிறோம், இந்த நேரத்தில் குளிக்கிறோம், இந்த ஜன்னல்கள் இங்கே பார்க்கக்கூடாது. அவ்வளவுதான்.

என் கணவர் கோபப்படவில்லை. அதைவிட மோசமாக, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேனைக் கழுவப் போனார். மேனேஜரிடமிருந்து அழைப்பு வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படுத்தபிறகு எனக்கு எல்லாச் சந்தேகமும் வந்தது. மகளுடைய மருந்துக்கும் வேன் ஓடித்தானே ஆகவேண்டும். எனக்குத் தகர மறைப்பு இருக்கும்போது யாருக்காகப் பேசினேன்? ஆனால் என் மகளும் வளர்ந்து ஒரு நாள் அந்தப் பள்ளத்தில் இறங்குவாள். அவள் தலையை நிமிர்த்திப் பார்க்கும்போது எதிரே வரிசையாகக் கண்ணாடி இருக்கக்கூடாது. நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் சந்தேகம் நின்றுவிடும்.

அடுத்த அந்தியே மகளைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். மதினி வாயைத் திறக்கும் முன்னே, "தகரம் சூடாப் போச்சு" என்று சொல்லி வைத்தேன். மகளை வெயில் விழும் பாறையில் உட்காரவைத்து, காலை மட்டும் நனைத்தேன். அவள் இன்னும் இன்னும் என்றாள். அதற்கு மேல் நனைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் நனைந்தேன். கொஞ்ச நேரத்தில் வளைவில் ஓர் இருமல் கேட்டது. என் கணவருடையது. மகளின் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து கிளையில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஹோட்டல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பீலியைச் சுற்றி ஒரு பச்சை வலையைக் கட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே வெளிச்சமும் வரவில்லை, காற்றும் வரவில்லை. மீன் பிடித்து வைத்தது போல இருந்தோம். மதினிதான் முதலில் கத்தியை எடுத்தார். இப்போது அந்த வலை அவருடைய லீக்ஸ் நாற்றுக்கு மேலே கிடக்கிறது. "ஓட்டலு நல்ல வலையாத்தான் குடுத்திருக்கு" என்கிறார்.

அனுமதி இன்னும் கொடுக்கப்படவில்லை, மறுக்கப்படவும் இல்லை. அறைகளை மலையின் மறுபக்கமாகத் திருப்பி வரைந்து கொண்டுவரச் சொல்லியிருப்பதாக ஒரு பேச்சு. அங்கே நீர்வீழ்ச்சி தெரியாது, ஆகவே அவர்கள் விடமாட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் நாங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது அளவுக் கருவியோடு ஆட்கள் வந்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, வளைவில் நின்றார்கள். ஓர் இருமல் கேட்டது. பழக்கமில்லாத, செயற்கையான இருமல்.

"சளி புடிச்சவன் மாதிரி இருமுறான்" என்றார் மதினி. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தலையில் நுரையோடு நின்றுகொண்டு, முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் நான்தான் குரல் கொடுத்தேன்.

"இன்னும் ஆகல. நில்லுங்க."

மேலே காலடிச் சத்தம் கேட்கவில்லை. நான் அவசரப்படாமல் நுரையை அலசினேன்.