மூன்று கப்பல்களை மூழ்கடித்தவர்

என் கணவர் போரின்போது கடற்படையில் ஒரு கப்பலுக்குக் கமாண்டராக இருந்தவர். என்ன கப்பல் என்று கேட்டால்தான் வம்பு. எதிரி கடலில் போட்டு வைத்த கண்ணிவெடிகளை வாரி அகற்றுகிற சின்னக் கப்பல். அது முன்னால் போய், வழி சுத்தம் என்று சொன்ன பிறகே படைவீரர்களை ஏற்றிய பெரிய கப்பல்கள் பின்னால் வரும். அவருடைய வேலை சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு யார் பதக்கம் தருவார்கள்? அவருடன் பயிற்சி பெற்றவர்களின் படம் பேப்பரில் வந்தது. நாகர்கோவிலில் என் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம், "எத்தனை கப்பலை முக்கினாரு?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் இல்ல" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம், நாங்கள் இப்போது குடியிருக்கும் கழக்கூட்டம் என்ற ஊரில், எங்கள் ஃபிளாட் அசோசியேஷன் சுதந்திர தினத்தன்று அவரைப் பாராட்டத் தீர்மானித்தது. விவரம் கேட்க வந்த மலையாளிச் செயலாளரும் அதையே கேட்டார்: "சேச்சி, சார் எத்தனை கப்பலை முக்கி?"

அத்தனை வருட எரிச்சல். "மூணு" என்று சொல்லிவிட்டேன்.

விழாவன்று பார்த்தால் மேடைக்குப் பின்னால் ஆளுயர ஃபிளெக்ஸ். அதில் பெரிதாக அந்த 3. அவர் மறுத்தால் என் மானம் போகும். மறுக்காவிட்டால் அவருடையது போகும்.

மேடையேறியவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். மார்க்கர் பேனா ஒன்று கேட்டு வாங்கி, 3-ன் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். கப்பலில் அன்றன்றைய விவரம் எழுதுகிற லாக் புத்தகத்தில் தப்பை அழிக்கக் கூடாது. படிக்க முடிகிற மாதிரி அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, இனிஷியல் போட வேண்டும். அதே முறையில் 0 என்று எழுதி இனிஷியல் போட்டார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"நான் ஒரு கப்பலையும் முக்கல. என் பின்னால வந்த கப்பல் ஒண்ணும் முங்கல. அவ்வளவுதான்."

இதைச் சொல்ல எனக்கு ஏன் இத்தனை வருடம் தெரியவில்லை? எல்லோருக்கும் முன்பே கை தட்டினேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரிடம், "மூணுன்னு சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "வேற யாருக்கு எனக்காக இவ்வளவு கோவம் வரும்?"